மீகாமனுக்கு வேண்டும் தகுதிகள்

நிலத்தில் இயங்குவார்க்கு வண்டி எத்தகையதோ, நீரில் இயங்குவார்க்குக் கலம் அத்தகையது. வண்டியோட்டத் தெரியாதவன் கையில் வண்டியைக் கொடுப்பாரில்லை. அங்ஙனமே கலஞ்செலுத்தத் தெரியாதவன் கையில் கலத்தைக் கொடுத்தலும் அடாது. இஃது எல்லார்க்கும் உடன்பாடு. ஆயின், இவன் கலஞ்செலுத்த வல்லன் என்பதை, அவனை முன்பின் கண்டறியாத ஒருவர் எதனைக்கொண்டு துணிவது? இவ்வினாவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

மேனாடுகளில் விடுமுறைக் காலத்தில் யாட் எனப்படும் உல்லாசப் பாய்க்கலம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தாமே செலுத்திச் சென்று, தீவு தீவாகத் தங்கிவரும் வழக்கம் பெருகியுள்ளது. மத்தியதரைக் கடலும் கரீபியன் கடலும் இதற்குப் பேர்பெற்றவை. அவ்வாறு எடுப்போரிடம் கேட்கப்படும் தகுதிகள் இவையென விளக்கி, அவற்றைக் குமரி மாவட்டக் கடற்புரத்தார் வழிவழியாகப் பெற்றுவரும் கடலறிவோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

யாட் என்பது டச்சு மொழிச் சொல். வேட்டை என்பது அதன் முதற்பொருள். விரைந்து சென்று பகைக்கலங்களைத் துரத்தும் சிறு கலங்களுக்கு டச்சுக்காரர் இப்பெயரிட்டனர். 1660-ஆம் ஆண்டு ஆங்கில மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அவர்கள் மேரி என்னும் கலமொன்றைப் பரிசாக அளித்தனர். மறு ஆண்டே அம்மன்னரும் அவர் தம்பியாரும் தேம்ஸ் ஆற்றில் நூறு பவுன் பந்தயம் வைத்துக் கலமோட்டினர். போர்த்தொழிலுக்குப் பிறந்த கலம் இங்ஙனம் பொழுதுபோக்குக்குரியதாயிற்று.

இன்று வாடகைக் கலங்களுள் பலராலும் விரும்பப்படும் ஒருவகைக்குக் கேட்டமரான் என்று பெயர். அது நம் கட்டுமரமே என்பதை நம் மாணவர் அறிந்து மகிழலாம். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துள்ளார். நம் கட்டுமரம் மரங்களை அடுக்கிக் கயிற்றாற் பிணைத்த தெப்பம். மேனாட்டார் அப்பெயரை இரண்டு உடல்களை ஒரு தளத்தாற் சேர்த்த கலத்திற்கு ஆக்கிக்கொண்டனர். பொருள் மாறினும் சொல் நம்முடையது.

வாடகை மூவகை

கன்னியாகுமரிக்கு வருவோர் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குச் செல்கின்றனர். அவர்கள் பயணச்சீட்டுப் பெற்ற பிரயாணிகளே. படகைச் செலுத்தும் பொறுப்பு முழுதும் படகோட்டியினுடையது. பிரயாணியிடம் யாரும் தகுதி கேட்பதில்லை. இது முதல்வகை.

ஒரு குடும்பத்தாரோ நண்பர் குழுவினரோ ஒரு கலத்தை மீகாமனோடு சேர்த்து அமர்த்திக்கொள்வது இரண்டாம் வகை. போகுமிடத்தை அவர்கள் சொல்லலாம். ஆயினும் புறப்படலாமா கூடாதா என்று முடிவு செய்பவன் மீகாமனே. காரை ஓட்டுநரோடு அமர்த்துவது போன்றது இது. இதற்கும் அமர்த்துவோரிடம் பத்திரம் வேண்டுவதில்லை.

கலத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, மீகாமன் தொழிலைத் தானே ஏற்பது மூன்றாம் வகை. வெறுங்கலக் குத்தகை என்று இதனைக் கூறலாம். குத்தகைக் காலம் முடியுமட்டும் கலமும் அதில் உள்ளாரின் உயிரும் எடுத்தவன் பொறுப்பில் நிற்கும். கலத்தின் விலையோ பல இலட்சம், சில வேளை கோடி. ஆதலின் இவ்வகையில்தான் தகுதி பற்றிய கேள்வி எழுகின்றது.

தகுதி கேட்போர் மூவர்

முதலாமவர், எந்நாட்டு நீரில் கலம் செல்லுகின்றதோ அந்நாட்டு அரசினர். இரண்டாமவர், எந்நாட்டுக் கொடியைக் கலம் தாங்குகின்றதோ அந்நாட்டு அரசினர். மூன்றாமவர், கலத்திற்குரியவரும் அவர்க்கு இன்ஷூரன்ஸ் அளிக்கும் கம்பெனியாரும். இம்மூவர் விடையும் எல்லா இடத்தும் ஒன்றாயிருப்பதில்லை.

குரோவேஷியா நாட்டில், ஏற்றுக்கொள்ளப்பட்ட தகுதிப் பத்திரம் மீகாமனிடம் இருத்தல் வேண்டும். வானொலிப் பேச்சுக் கருவியைக் கையாளும் பத்திரமும் கலத்தில் ஒருவரிடம் இருத்தல் வேண்டும். கிரேக்க நாட்டில், மீகாமனோடு கலஞ்செலுத்திப் பழகிய மற்றொருவரும் உடனிருக்க வேண்டும். மீகாமன் நோயுற்றாலோ நீரில் வீழ்ந்தாலோ கலத்தைக் கரைசேர்க்க ஆள் வேண்டுமன்றோ? இங்கிலாந்திலோ, தன் சொந்தச் சிறு கலத்தைத் தன் நாட்டு நீரில் பொழுதுபோக்காகச் செலுத்துவோனைச் சட்டம் எப்பத்திரமும் கேட்பதில்லை. கரீபியன் கடலின் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வாடகைக் கம்பெனியார் பெரும்பாலும் எடுப்போரின் கடற்பயண வரலாற்றையே கேட்டு ஆராய்கின்றனர்: எத்தகைய கலத்தில், எத்தனை நாள், எத்தனை கடல் மைல், மீகாமனாகவோ துணையாளாகவோ சென்றீர் என்பது அவர்கள் வினா.

சட்டம் கேளாத இடத்தும் கலத்திற்குரியவர் கேட்பர். பத்திரமிருந்தும் ஐயம் எழுமாயின், புறப்படும் நாளில் தம் ஆள் ஒருவரை உடன் அனுப்பிச் சோதித்து, தேறினாலன்றிக் கலத்தைத் தனியே விடார். கலத்திற்குச் சேதம் நேருமாயின் ஈடுசெய்யப் பிணைத்தொகையும் முன்னரே பெற்றுக்கொள்வர்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் பத்திரங்களால் விளையும் இடர்ப்பாட்டைக் களைய, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவினர் 1998-ஆம் ஆண்டு 40-ஆம் எண் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினர். உல்லாசக் கலஞ்செலுத்துவோர்க்கு உரிய சர்வதேசத் தகுதிப் பத்திரம் அதன் வழியது. பதினாறு வயது நிறைந்திருத்தல், கண்ணும் செவியும் உடலும் நலமாயிருத்தல், ஏட்டறிவிலும் செய்முறையிலும் தேர்வு பெறுதல் என்பன அதற்குரிய நிபந்தனைகள். கடலுக்கு வேறு, உள்நாட்டு நீர்வழிக்கு வேறு, பாய்க்கலத்திற்கு வேறு, இயந்திரக் கலத்திற்கு வேறு எனப் பத்திரத்திலேயே குறிக்கப்படும். ஒன்றில் வல்லவன் மற்றொன்றிலும் வல்லவனாவான் என்று கொள்வதற்கில்லை என்பதே இப்பாகுபாட்டின் காரணம்.

கல்விப் படிகள்

இத்துறையில் உலகெங்கும் நன்கு மதிக்கப்படும் பாடத்திட்டங்களுள் ஒன்று, 1875-ஆம் ஆண்டு தோன்றிய இங்கிலாந்தின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்தது. அதன் படிகளை நோக்குவோமாயின், ஒரு மீகாமன் எவ்வாறு உருவாக்கப்படுகின்றான் என்பது விளங்கும்.

முதற்படி துணையாளுக்குரியது. கயிறு பிடித்தல், முடிச்சிடுதல், பாயேற்றுதல், சுக்கான் பிடித்தல் என்பவற்றை ஐந்து நாள் கலத்திலேயே தங்கிப் பயில்வர். அடுத்தபடி, டே ஸ்கிப்பர் எனப்படும் பகற்கால மீகாமன் தகுதி. கரையில் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் கடற்படம், ஓதம், வானிலை என்பவற்றைக் கற்று, பின் ஐந்து நாள் கடலிற் பயிற்சி பெறுதல் வேண்டும். இச்செய்முறைப் பயிற்சிக்கு வருமுன்னரே ஐந்து நாளும் நூறு கடல் மைலும் நான்கு இரவு மணியும் கடலிற் கழித்திருத்தல் எதிர்பார்க்கப்படும். அமைதியான, தெரிந்த நீரில், பகற்போதில் ஒரு சிறு கலத்தை நடத்த இது போதும். வெறுங்கலக் குத்தகை எடுப்போருள் பலர் இப்படியிலேயே நிற்பவர். இச்செய்முறைப் பத்திரமுடையார் கடற்பகுதிக்குரிய சர்வதேசப் பத்திரத்தை மறுதேர்வின்றிப் பெறவும் கூடும்.

இதற்கு மேல் கரையோர மீகாமன் படி. அதற்கும் மேல் யாட்மாஸ்டர் தேர்வுகள். அவற்றுள் ஆழ்கடல் தேர்வுக்கு வருவோர் ஐம்பது நாள் கடலில் இருந்திருத்தலும், 2,500 கடல் மைல் சென்றிருத்தலும், அறுபது மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து நிகழ்த்தியிருத்தலும் வேண்டும். அவ்வைந்தில் இரண்டு இரவைக் கடலிற் கழித்தனவாகவும், இரண்டு தாமே மீகாமனாக நடத்தினவாகவும் இருத்தல் வேண்டும். தேர்வோ வினாத்தாளன்று. தேர்வாளர் கலத்தில் உடனிருந்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், இருளிலும் வெளிச்சத்திலும் மாணவனை நடத்தச் சொல்லிக் காண்பர். பிறரிடம் கூலி பெற்றுக் கலஞ்செலுத்த விரும்புவோர், உடல்நலச் சான்றும், கடலில் உயிர்காத்துக்கொள்ளும் பயிற்சியும் கூடுதலாகக் காட்டித் தனி ஒப்பம் பெறுதல் வேண்டும். ஆகவே இது செல்வரின் பொழுதுபோக்குக்கு வாயிலாவதோடு ஒரு பிழைப்புக்கும் வாயிலாகின்றது.

சோதிக்கப்படும் அறிவு

இத்தேர்வுகளிற் சோதிக்கப்படுவன யாவை? சிலவற்றை எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது, கடல்வழி விதிகள். 1972-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 1977-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மோதல் தடுப்பு விதிகள் எல்லா நாட்டுக் கலங்களுக்கும் பொது. பாய்க்கலம் இரண்டு எதிர்ப்படுமாயின், காற்றை இடப்புறத்தில் வாங்கும் கலம், வலப்புறத்தில் வாங்கும் கலத்திற்கு வழிவிடும். இரண்டும் ஒரே புறத்தில் வாங்குமாயின், காற்று வரும் திசையில் நிற்பது மற்றதற்கு வழிவிடும். முந்திச் செல்லுங்கலம் எதுவாயினும் முந்தப்படுவதை விட்டு விலகும். இயந்திரத்தாற் செல்வது பாய்க்கலத்திற்கு வழிவிடும். பாய்க்கலமோ, வலையோ நெடுங்கயிற்றுத் தூண்டிலோ இட்டுத் தொழிலில் ஈடுபட்டு எளிதில் திரும்ப இயலாத மீன்பிடி கலத்திற்கு வழிவிடும். கோடி ரூபா பெறும் உல்லாசக் கலமாயினும், வலையிட்டு நிற்கும் குளச்சல் விசைப்படகைக் கண்டால் ஒதுங்கிச் செல்லவேண்டியது அதன் கடமை. இரவில் அதனை விளக்காலறிவர்: சிவப்பின் கீழ் வெள்ளை தோன்றுமாயின் வலையோ தூண்டிலோ இட்ட கலம், பச்சையின் கீழ் வெள்ளை தோன்றுமாயின் இழுவலை இழுக்கும் கலம்.

இரண்டாவது, மிதவைக் குறிகள். இந்தியா, ஐரோப்பா முதலிய பகுதிகளில் கடலிலிருந்து துறைக்குள் நுழைவோர் சிவப்பு மிதவையை இடப்புறத்தில் விட்டுச் செல்லல் வேண்டும். அமெரிக்கக் கண்டங்களிலும், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் இம்முறை தலைகீழ். அங்குச் சிவப்பு வலப்புறம். நம் நாட்டிற் பழகிய ஒருவன் கரீபியன் தீவிற் கலமெடுத்து, பழைய நினைவிலேயே துறை புகுவானாயின் பாறையைச் சேர்வான்.

மூன்றாவது, ஓதம். நம் குமரிக் கரையில் வேலியேற்றத்திற்கும் வேலியிறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் அது பெரு ஓத நாட்களில் 14 மீட்டரளவும் செல்லும். காலையில் மிதந்த கலம் மாலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆதலின் டே ஸ்கிப்பர் செய்முறைப் பத்திரத்திலேயே, பயின்றது ஓதமுள்ள நீரிலா ஓதமற்ற நீரிலா என்று குறிக்கின்றனர்.

நான்காவது, வானிலை. 1805-ஆம் ஆண்டு பிரான்சிஸ் போஃபோர்ட் என்னும் கடற்படையாளர் காற்றின் வேகத்தைப் பூச்சியம் முதல் பன்னிரண்டு வரை படிகளாக்கினார். நான்காம் படியில் மணிக்கு 11 முதல் 16 கடல் மைல் வேகம். பாய்க்கலத்திற்கு இனிய காற்று. ஆறாம் படியில் 22 முதல் 27. பாயைச் சுருக்கவேண்டும், புதியவர் துறையிலேயே தங்குதல் நன்று. எட்டாம் படி புயற்காற்று. புறப்படும் கலையினும் புறப்படாதிருக்கும் துணிவு அரிது என்று இத்துறை ஆசிரியர்கள் அடிக்கடி நினைவூட்டுவர்.

ஐந்தாவது, இடுக்கட் செயல். ஒருவர் நீரில் வீழ்ந்தால் ஒருவர் அவரையே சுட்டி நிற்க, மற்றவர் மிதவை எறிய, மீகாமன் கலத்தைத் திருப்பிக் காற்றை எதிர்த்து அவரருகே நிறுத்தல் வேண்டும். வானொலியில் 16-ஆம் அலைவழியில் மேடே என மும்முறை கூறி, கலத்தின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த இடர், ஆட்தொகை என்பவற்றை முறையே உரைத்தல் வேண்டும். இவை நூலிற் படித்தால் எளியவை. அலையில், இருளில், அச்சத்தில் செய்வது அரிது. அதனால்தான் செய்முறைத் தேர்வு.

நம் கரையின் கல்வி

இனி, மேற்கே நீரோடி முதல் கிழக்கே ஆரோக்கியபுரம் வரை நீண்டு கிடக்கும் நம் மாவட்டக் கடற்புரத்தை நோக்குவோம். நாஞ்சில் நாட்டு நெல்வயல்களில் வளர்ந்த நம்மிற் பலர் கடலுக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்தும் அதனைக் காட்சிப் பொருளாகவே அறிவோம். கடற்புரத்துச் சிறுவனுக்கோ அது பள்ளிக்கூடம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிகின்றான். நீரோட்டத்தை நீவாடு என்று கூறி, அதன் போக்கைக் கயிற்றின் இழுப்பிலேயே உணர்கின்றான். மருந்துவாழ்மலையின் முடியையும் கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரு நேராக்கி, வேறிரண்டு குறிகளை மற்றொரு நேராக்கி, இருகோடும் வெட்டுமிடத்தில் கடலடிப் பாரைக் கண்டுகொள்கின்றான். கடற்படத்தில் இரண்டு கோடு வரைந்து இடங்காணும் முறையை யாட்மாஸ்டர் மாணவன் பென்சிலாற் செய்கின்றான். இவன் கண்ணாற் செய்கின்றான். கணக்கு ஒன்றே.

இக்கல்விக்குப் பத்திரமில்லை. உலகச் சட்டமும் நெடுநாள் இதனை எண்ணவில்லை. வாணிகக் கப்பல் மாலுமிகளின் பயிற்சி, தகுதிப் பத்திரம், காவற்பணி ஆகியவற்றை வரையறுத்த 1978-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, தன் மூன்றாம் பிரிவில் சில கலங்களை விலக்குகின்றது. போர்க்கலங்கள், மீன்பிடி கலங்கள், வாணிகத்தில் ஈடுபடாத உல்லாசக் கலங்கள், பழைய முறையிற் கட்டிய மரக்கலங்கள் என்பன அவை. செல்வரின் யாட்டும் ஏழையின் வள்ளமும் ஒரே வரிசையில் வைத்து விலக்கப்பட்டன. பின் நிகழ்ந்ததை நோக்குக. உல்லாசக் கலத்தார் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து, பாடம் வகுத்து, பத்திரம் கண்டனர். அப்பத்திரத்தைக் கண்டு அயல்நாட்டாரும் கலம் தருகின்றனர். மீன்பிடி கலத்தார்க்கென 1995-ஆம் ஆண்டு தனி உடன்படிக்கை ஒன்று தோன்றிற்று. அது நடைமுறைக்கு வர 2012-ஆம் ஆண்டாயிற்று.

நம் மொழிக்கு மீகாமன் என்னும் சொல் பழையது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கலஞ்செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றிற் புகழ்வர். தோணித் தலைவனுக்குத் தூத்துக்குடிப் பக்கத்தில் தண்டல் என்பது வழக்கு. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு வாணிகக் கப்பற் சட்டம், பாய்க்கலத்தின் பொறுப்பாளனைக் குறிக்க டிண்டல் என்னும் சொல்லையே ஆண்டது. அது நம் தண்டலின் திரிபு. நம் சொல் சட்டத்தில் ஏறியது. நம் கடற்புரத்து அறிவு பத்திரத்தில் ஏறுவதற்கு இன்னும் வழி குறுகியே உள்ளது.

ஒக்கி கற்பித்த பாடம்

ஆயின் நம் கரையின் கல்வி குறைவற்றது என்று கூறுதலும் உண்மையாகாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29, 30-ஆம் நாட்களில் இலங்கைக்குத் தெற்கிலும் குமரிமுனையருகிலும் ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றது. தூத்தூர் முதலிய ஊர்களினின்று பல நாள் தங்கி மீன்பிடிக்கும் பொருட்டு ஆழ்கடல் சென்றிருந்தோர் அதனை முன்னறியவில்லை. கரையில் எச்சரிக்கை விடப்பட்டபோது அவர்கள் அதனைக் கேட்கும் எல்லைக்கு அப்பால் இருந்தனர். சாதாரண வானொலிப் பேச்சுக் கருவியின் குரல் அலைக்கம்பத்தின் உயரத்திற்கேற்பச் சில பதின் கடல் மைலே எட்டும். அவர்களோ அதற்கும் மிகத் தொலைவில். காற்றையும் நீவாட்டையும் அவர்களைப்போல் அறிந்தார் யாவர்? அவ்வறிவு இருந்தும் பலர் மீளவில்லை. நம் மாவட்டத்திலும் திருவனந்தபுரக் கரையிலும் அத்துயர் இன்னும் ஆறாத வீடுகள் பல.

மறு ஆண்டு நிகழ்ந்ததொன்றை இதனோடு வைத்து எண்ணுவோம். இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, தனியொருவராய் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் துரியா என்னும் சிறு பாய்க்கலத்திற் சென்றுகொண்டிருந்தார். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென் இந்துமாக்கடலில் புயலிற் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. அவர் முதுகெலும்பும் முறிந்தது. உலகில் மனிதர் அருகிச் செல்லும் கடல் அது. ஆயினும் செயற்கைக்கோள் வழியாக அவர் இடரும் இடமும் கரைக்குத் தெரிந்தன. இந்தியக் கடற்படை விமானம் கலத்தைக் கண்டது. மூன்று நாளைக்குள் ஒசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கலத்தார் அவரை மீட்டனர். அவர் நலம்பெற்று, அடுத்த பந்தயத்திற் கலந்து, 2023-ஆம் ஆண்டு இரண்டாமவராகக் கரைசேர்ந்தார்.

தனித்த கடலில் ஒருவர் குரல் கேட்கப்பட்டது. நம் கரைக்கு அணிமையில் பலர் குரல் கேட்கப்படவில்லை. இவ்வேறுபாடு வீரத்தால் வந்ததன்று, கடலறிவால் வந்ததுமன்று. கருவியும், அதனைக் கையாளும் பயிற்சியும், இவன் இவ்விடத்திருக்கின்றான் என்று கரையில் எழுதிவைக்கும் முறையும் ஒருபால் இருந்தன, மறுபால் இல்லை. ஒக்கிக்குப் பின் மீனவர் கலங்களுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் அளிக்கப்பட்டு வருவது இக்குறை உணரப்பட்டதன் அடையாளம். வாடகைக் கலமெடுப்போனிடம் வானொலிப் பத்திரம் கேட்பது வெறும் அலுவலகச் சடங்கு என்று எண்ணுவார், இவ்விரு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்ப்பாராக.

நாம் செய்யத்தக்கன

நம்மில் ஒருவர் என்றேனும் ஒரு கலத்தைத் தம் பொறுப்பில் எடுக்க விரும்புவாராயின் செய்யவேண்டுவன என்ன? முதலில் நீந்தப் பயிலுதல் வேண்டும். அடுத்து, சிறு பாய்க்கலத்தில் பழகுதல் வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கு இடமின்றிப் போகவில்லை. சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ஆம் ஆண்டு நிறுவிய ராயல் மதராஸ் யாட் சங்கம் இன்றும் நடைபெறுகின்றது. சென்னைக் கடலிற் பயின்ற நேத்ரா குமணன் பாய்க்கலப் பந்தயத்திற்காக ஒலிம்பிக்கில் நுழையும் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணியாய் 2021-ஆம் ஆண்டு டோக்கியோவிற் கலந்தார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டுத் தில்னாவோடு இருவராகத் தாரிணி என்னும் பாய்க்கலத்தில் 2024-ஆம் ஆண்டு அக்டோபரிற் கோவாவினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டார். பாய்க்கலம் மேனாட்டார்க்கே உரியதென்னும் எண்ணம் இதனால் நீங்கும்.

மூன்றாவதாக, முதல் நாள் தொட்டே பயணக் குறிப்பேடு எழுதிவரல் வேண்டும். நாள், கலம், புறப்பட்ட துறை, சேர்ந்த துறை, கடல் மைல், காற்றின் படி, இரவு மணி, தாம் வகித்த பொறுப்பு என்பவற்றை எழுதி உடன்சென்ற மீகாமனின் கையொப்பம் பெறுதல் நன்று. பத்திரமில்லாத இடத்தும் இக்குறிப்பேடு பேசும். பின்னர் டே ஸ்கிப்பர் அல்லது அதனையொத்த பத்திரமும், வானொலிப் பத்திரமும், முதலுதவிச் சான்றும் பெறுதல் வேண்டும். இறுதியாக, எந்நாட்டில் எடுக்க எண்ணுகின்றாரோ அந்நாட்டுச் சட்டத்தையும், கம்பெனியாரின் இன்ஷூரன்ஸ் நிபந்தனையையும் பணம் கட்டுமுன்னரே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். ஒரு நாட்டில் ஏற்கப்படும் பத்திரம் மற்றொரு நாட்டில் ஏற்கப்படாது போகக்கூடும்.

பத்திரம் மட்டும் உடையவன் கடலை அறிந்தவனாகான். கடலை மட்டும் அறிந்தவனை அயலார் நம்புவதற்கு வழியில்லை. இடருற்ற போது அவன் குரல் கரையை எட்டுவதற்கும் வழியில்லை. நெல்வயலிற் பிறந்த மாணவனுக்குக் கடற்படம் படிப்பதும் விதிகளை மனங்கொள்வதும் எளிது. அலையில் நிற்பது அரிது. கடற்புரத்தில் பிறந்த மாணவனுக்கு அலையில் நிற்பது எளிது. அவன் அறிவை எழுத்தாக்கிக் காட்டுதலே அரிதாயுள்ளது. இவ்விருவரும் நம் வகுப்புகளில் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். கல்லூரிகளில் மாணவர் கடற்குழு ஒன்று அமைத்து, கடற்படமும் வானொலியும் வழிவிதிகளும் ஒருசாரார் முன்னின்று பயில, காற்றும் நீவாடும் மறுசாரார் கற்பிக்க ஏற்பாடு செய்யின், அரைக்கல்வி இரண்டு சேர்ந்து முழுக்கல்வியாகும். அதிலிருந்து யாட்மாஸ்டர் ஒருவர் தோன்றினும் நன்று. தம் தந்தையின் கலத்தில் வானொலியை முறைப்படி கையாளத் தெரிந்த ஒருவர் தோன்றினும் அதனினும் நன்று. நம் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.